பள்ளியில் மொபைல் வழிக் கற்றல்: திட்டமிடுவோரும் நடத்துவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியில் டேப்லெட்டோ கைபேசியோ வைத்துப் பாடம் நடத்தும் திட்டங்களைத் தொடங்கவும் தொடர்ந்து நடத்தவும் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். தலைமையாசிரியர், நிர்வாகக் குழுவில் இருப்பவர், "இனிமேல் இதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட ஆசிரியர் என யார் பேசினாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். நீளம்தான், ஆனால் வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

மொபைல் வழிக் கற்றல் என்றால் ஆளுக்கொரு டேப்லெட் கொடுப்பதுதானே?

கொடுப்பது அதில் ஒரு வழி, அவ்வளவுதான். கையில் எடுத்துக்கொண்டு நடமாடக்கூடிய ஒரு கருவி இருப்பதால் என்னென்ன படிப்பு நடக்க முடியுமோ அதெல்லாம் இதில் அடங்கும். இலையைக் கிட்டத்தில் படமெடுத்து அதன் நரம்புகளைப் பெரிதாக்கிப் பார்ப்பது, தான் வாசித்ததைத் தானே பதிவு செய்து கேட்பது, விளையாட்டுத் திடலில் ஓடியவர்களின் நேரத்தை அங்கேயே குறித்து உடனே வரைபடமாக்குவது, உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கும் மாணவர் வகுப்பில் நடந்ததைக் கேட்டுத் தொடர்வது என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றில் பலவற்றுக்கு நான்கு பேருக்கு ஒரு கருவி போதும். பாடநூலின் பிடிஎஃப்பைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும்தான் டேப்லெட் என்றால் வேண்டாம். அச்சிட்ட புத்தகமே கண்ணுக்கும் கைக்கும் வசதி.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வகுப்பில், ஒரு பாடத்தில், இப்போது எது நடக்காமல் போகிறது என்பதிலிருந்து. பெரும்பாலான பள்ளிகளில் கருவியை வாங்கிய பிறகுதான் "இதை வைத்து என்ன செய்யலாம்" என்று யோசிக்கிறார்கள். அங்கேயே திட்டம் பாதி தோற்றுவிடுகிறது என்பதுதான் நான் பார்த்தது, அதனால் இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன்.

ஒரு உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். ஆறாம் வகுப்பு மொழி ஆசிரியர் ஒருவரிடம் "உங்கள் வகுப்பில் எது நடக்கவில்லை?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "40 பேர் இருக்கிறார்கள், பாடவேளை 45 நிமிடம், ஒவ்வொருவரையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்க முடியவில்லை, யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பரீட்சை வரும்வரை எனக்குத் தெரியவில்லை" என்றார். நல்ல பிரச்சினை, தெளிவான பிரச்சினை. 10 டேப்லெட்டுகள் கொடுத்தோம். நான்கு பேர் கொண்ட குழு, ஒவ்வொருவரும் ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும், கேட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் மறுபடி பதிவு செய்யலாம். ஆசிரியர் தினமும் எட்டுப் பதிவுகளை மட்டும் கேட்பார், ஐந்து நாளில் 40 பேரும் முடிந்துவிடும்.

அந்த வகுப்பில் எழுப்பிவிட்டாலும் தலைகுனிந்து முணுமுணுக்கும் ஒரு சிறுமி இருந்தாள். முதல் நாள் அவள் வராந்தாவின் மூலைக்குப் போய் ஒரே பத்தியை ஆறு முறை பதிவு செய்தாள். ஒவ்வொரு முறையும் டேப்லெட்டைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவளாகவே வந்து, "மிஸ், நான் வார்த்தையோட கடைசியை முழுங்கிடுறேன்" என்றாள். அந்த வகுப்பில் அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை, சொல்லும் அளவுக்கு அவள் குரலை யாரும் கேட்டதும் இல்லை. இதற்குத் தேவைப்பட்டது எந்தக் கைபேசியிலும் இருக்கும் சாதாரண ஒலிப்பதிவு வசதிதான், இணையம்கூட இல்லை.

ஆகவே கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எது நடக்கவில்லை. அந்த மூன்று வரியைப் பாடம் நடத்தும் ஆசிரியரே எழுத வேண்டும்.

பெரிய அளவில் செய்த இடங்களில் என்ன நடந்தது?

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு அனுபவங்கள் உண்டு.

லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பள்ளி நிர்வாகம் 2013-இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எல்லாருக்கும் ஐபேட் கொடுக்கத் திட்டமிட்டது. இணைய வசதியையும் சேர்த்து 100 கோடி டாலரைத் தாண்டும் திட்டம். கொடுத்துச் சில நாட்களிலேயே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கட்டுப்பாட்டு அமைப்பை நீக்கிவிட்டு விருப்பப்பட்ட தளங்களுக்குப் போனார்கள், உள்ளே இருக்க வேண்டிய பாடங்கள் முழுமையாகத் தயாராகவே இல்லை, தொலைந்தால் யார் பொறுப்பு என்பதிலும் குழப்பம். 2014-இல் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது, அதே ஆண்டு அந்த நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த கண்காணிப்பாளரும் பதவி விலகினார். மாணவர்கள் செய்ததைப் பெரிய குற்றமாக நான் பார்க்கவில்லை. பூட்டிய கருவியைப் பதின்ம வயதினர் கையில் கொடுத்து, அதில் செய்ய வேலையும் இல்லை என்றால் திறந்து பார்க்கத்தான் செய்வார்கள்.

பெரு நாட்டில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் சிறு மடிக்கணினிகள் போயின. 319 பள்ளிகளை வைத்து அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. கருவி போய்ச் சேர்ந்தது, பாடம் நடத்தும் முறை அப்படியே இருந்தது.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் 2002-இல் ஏழாம் வகுப்புக்கு மட்டும் ஆளுக்கொரு மடிக்கணினி என்று தொடங்கியது. முதலில் ஒருசில பள்ளிகளில் முன்னோட்டம் பார்த்தார்கள், அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு நீட்டித்தார்கள், ஆசிரியர் பயிற்சியைத் திட்டத்தின் உள்ளேயே வைத்தார்கள். அது பல ஆண்டுகள் நிலைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது உருகுவே. அங்கே 2007-இல் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தொடங்கி 2009-க்குள் நாடு முழுக்க அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குக் கருவி போய்விட்டது. ஆனால் நான் சொல்ல வருவது அதன் பிறகு 2012-இல் வந்த ஆங்கில வகுப்புகளைப் பற்றி. ஆங்கில ஆசிரியர்கள் போதவில்லை. அதனால் தூரத்தில் இருக்கும் ஆசிரியர் திரையில் வந்து பாடம் எடுப்பார், வாரத்தின் மற்ற வகுப்புகளில் அதே பாடத்தை அந்த வகுப்பின் ஆசிரியரே பயிற்சி கொடுப்பார், அவருக்கே ஆங்கிலம் அதிகம் தெரியாவிட்டாலும் குழந்தைகளோடு சேர்ந்து கற்றுக்கொள்வார். எது குறைகிறது என்று முதலில் பார்த்து, அதற்கு ஏற்ற இடத்தில் கருவியை வைத்தார்கள்.

ஆளுக்கொன்றா, வகுப்புகளுக்கிடையே சுற்றிவரும் பெட்டியா, வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதா?

முதல் ஆண்டுக்குச் சுற்றிவரும் பெட்டிதான் என் பரிந்துரை. 10 முதல் 20 கருவிகள், சக்கரம் வைத்த பெட்டி, யார் எந்தப் பாடவேளையில் எடுக்கிறார்கள் என்று ஆசிரியர் அறையில் ஒரு பதிவேடு. இதில் எந்த ஆசிரியர் உண்மையில் பயன்படுத்துகிறார், எந்தப் பாடத்துக்கு உதவுகிறது என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வது செலவில்லாதது போலத் தோன்றும். ஆனால் பத்து மாதிரி கைபேசி, பத்து மாதிரித் திரை, ஒன்றில் ஆப் இறங்காது, ஒன்றில் இடம் இருக்காது, ஆசிரியர் பாடத்தை விட்டுவிட்டுச் சர்வீஸ் பார்க்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளையும் அண்ணனின் உடைந்த கைபேசியைக் கொண்டுவரும் பிள்ளையும் வகுப்பு முன்னால் வெளிப்பட்டுவிடுகிறார்கள். இந்த முறையில்தான் போவீர்கள் என்றால், பள்ளியில் குறைந்தது சில கருவிகளை வைத்துக்கொண்டு யார் கேட்டாலும் காரணம் கேட்காமல் கொடுங்கள்.

வைஃபை எவ்வளவு வேண்டும்?

"எங்களுக்கு 100 எம்பிபிஎஸ் இணைய வேகம் இருக்கிறது" என்று சொல்வார்கள். 40 பேர் ஒரே நேரத்தில் 720 பிக்சல் வீடியோவைத் திறந்தால், ஆளுக்கு 2.5 எம்பிபிஎஸ் வைத்தாலே 100 தீர்ந்துவிடும், அதுவும் ஒரே ஒரு வகுப்பில். ஆகவே எல்லாரும் ஒரே வீடியோவைப் பார்க்க வேண்டும் என்றால் புரொஜெக்டரில் ஒருமுறை போடுங்கள்.

இன்னொரு சிக்கல், இணைய வேகம் போதுமானதாக இருந்தும் வகுப்பில் எதுவும் திறக்காது. வீட்டுக்கு வாங்கும் ரூட்டர் 40 கருவிகளை ஒரே நேரத்தில் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான் என்பதால், அடுத்தடுத்த அறைகளில் ரூட்டரை மாட்டிக்கொண்டே போனால் ஒன்றை ஒன்று கெடுக்கும். பல கருவிகளை ஒரே நேரத்தில் வைஃபையில் இணைக்கும் அக்சஸ் பாயிண்ட் என்ற கருவியைப் பள்ளிகளுக்கென்று வருவதாகப் பார்த்து வாங்கி, 5 ஜிகாஹெர்ட்ஸில் கருவிகளை இணைக்கச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை உட்காரவைத்து, எல்லாக் கருவியையும் ஒரே நிமிடத்தில் இணைத்துச் சோதித்துப் பாருங்கள். காலி அறையில் செய்யும் சோதனைக்கு மதிப்பே இல்லை.

இணையமே விட்டுவிட்டுத்தான் வருகிறது. திட்டத்தைக் கைவிடலாமா?

வேண்டாம். கேமரா, ஒலிப்பதிவு, கால்குலேட்டர், அகராதி, முன்கூட்டியே இறக்கிவைத்த புத்தகங்கள், இவற்றுக்கு இணையம் தேவையில்லை. கொலிப்ரி என்ற இலவச மென்பொருளைக் கேள்விப்பட்டிருக்கலாம். இணையம் இல்லாத பள்ளிகளுக்காகவே செய்தது. பள்ளியில் ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலோ பாடங்களை ஏற்றிவைத்தால், டேப்லெட்டுகள் பள்ளிக்குள் இருக்கும் வைஃபை வழியாகவே அதைப் பார்க்கும். இணையம் வரும் நாளில் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

ஆப் வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். "விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு இப்போதே காட்டுங்கள்."

சார்ஜ், பழுது, உடைசல் எல்லாம் யார் பார்ப்பது?

பெயர் எழுதிய ஒரு ஆள் வேண்டும், "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். அவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று பாடவேளைகளையாவது குறைத்துக் கொடுங்கள். கூடுதல் வேலையாக மேலே ஏற்றிவைத்தால் மூன்றாவது மாதத்தில் அவர் களைத்துப்போவார், அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். ஒவ்வொரு கருவிக்கும் பெரிய எண் ஒட்டுங்கள், அதே எண்ணை உறையிலும் ஒட்டுங்கள், ஒரு மாணவருக்கு எப்போதும் ஒரே எண் போகட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகாதீர்கள். காற்றோட்டமில்லாத அலமாரியில் பூட்டிவைத்து இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள். நீண்ட விடுமுறைக்குப் பாதியளவு சார்ஜில் அணைத்துவைத்தால் பேட்டரி நன்றாக இருக்கும், முழுவதும் தீர்ந்த நிலையில் விட்டுப்போனால் சில எழுந்திருக்கவே மாட்டா. பின்பக்கம் உப்பியிருக்கும் கருவியைச் சார்ஜ் போடாமல், அழுத்தாமல், உடனே தனியே எடுத்து வைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பத்துக்கு ஒன்று வீதம் உபரி வைத்திருங்கள். நல்ல உறை வாங்குவதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முதல் நாள் வகுப்பில் என்ன எதிர்பார்க்கலாம்?

படிப்பை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பள்ளியில் முதல் நாள் 38 டேப்லெட், ஒரு கணித வகுப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி லாகின், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் குறியீடும் கலந்த பாஸ்வேர்டு, ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தோம். அதில் எல் என்ற எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் ஒரே மாதிரி இருந்தன. ஆசிரியர் வரிசை வரிசையாக ஓடினார். எல்லாரும் உள்ளே போய்ச் சேரும்போது 45 நிமிடத்தில் 25 நிமிடம் போயிருந்தது, முதலில் நுழைந்த பிள்ளைகள் அதற்குள் வால்பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் கியூஆர் கோடு அட்டைக்கு மாறினோம், காட்டினால் உள்ளே போய்விடும். மூன்று நிமிடத்தில் வகுப்பு தயாரானது.

அதனால் முதல் இரண்டு பாடவேளைகளை எடுப்பது, திறப்பது, மூடுவது, திரும்ப வைப்பது ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்குங்கள். "திரையைக் கவிழ்" என்று ஆசிரியர் சொன்னால் எல்லாரும் கவிழ்த்துவைத்து நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதைப் பழக்குங்கள். சின்ன வகுப்புகளில் இதை ஒரு விளையாட்டாகவே செய்யலாம்.

ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எப்படிச் சமாளிப்பது?

"ஒத்துழைக்கவில்லை" என்று சொல்வதற்கு முன் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்டவரை, கருவி பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் முன்னால் திறக்கத் தெரியாமல் நின்றுவிடுவோமோ என்ற பயம், பாடத்தை முடிக்க நேரம் போதவில்லை என்ற கவலை, போன தடவை வந்த திட்டமும் இரண்டு வருடத்தில் காணாமல் போயிற்றே என்ற அனுபவம், இவைதான் திரும்பத் திரும்ப வரும். மூன்றுமே நியாயம்.

கருவியை ஆசிரியர்களிடம் மாணவர்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு பருவம் முன்பே கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், சொந்த வேலைக்கும் பயன்படுத்தட்டும், கை பழகட்டும். ஒருநாள் முழுக்க அரங்கில் உட்காரவைத்து நடத்தும் பயிற்சியை நான் நம்புவதில்லை. வாரத்துக்கு அரைமணி நேரம், அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தையே வைத்து, பக்கத்து வகுப்பு ஆசிரியர் சொல்லித்தருவதுதான் ஒட்டுகிறது. ஒருவர் மற்றவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க நேரம் ஒதுக்கிக் கொடுப்பது தலைமையாசிரியரால்தான் முடியும்.

தலைமையாசிரியரிடம் நான் கேட்பது இதுதான்: மாதம் ஒருமுறையாவது நீங்களே ஒரு வகுப்பில் கருவியை வைத்துப் பாடம் எடுங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை. நீங்கள் தடுமாறியதைப் பார்த்த ஆசிரியர் அடுத்த நாள் துணிந்து எடுப்பார். சுற்றறிக்கையால் இது நடந்து நான் பார்த்ததில்லை.

கட்டாயப்படுத்த வேண்டாம். முதல் ஆண்டில் விருப்பமுள்ள நான்கு பேர் போதும், ஆனால் அந்த நால்வரும் கணினி ஆர்வலர்களாக இருக்க வேண்டாம். பாடம் நன்றாக நடத்துபவர் என்று சக ஆசிரியர்கள் மதிக்கும் ஒருவர், அவருக்குத் தொழில்நுட்பம் தெரியாவிட்டாலும், அதில் இருந்தாக வேண்டும்.

பல நாடுகளில் பள்ளியில் கைபேசியைத் தடை செய்கிறார்கள். நாம் எதிர்த்திசையில் போகிறோமா?

பிரான்ஸ் 2018-இல் சட்டமே போட்டது. யுனெஸ்கோ 2013-இல் மொபைல் கற்றலுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டு ஊக்குவித்தது, அதே யுனெஸ்கோவின் 2023 அறிக்கை தொழில்நுட்பம் உண்மையில் கற்றலுக்கு உதவுகிறதா என்று முதலில் கேளுங்கள் என்று எச்சரித்தது. இங்கிலாந்தில் கைபேசியைத் தடை செய்த பள்ளிகளை ஆராய்ந்து 2015-இல் வந்த ஆய்வு, பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண்தான் தடைக்குப் பிறகு அதிகம் உயர்ந்தது என்று சொன்னது. இவற்றை ஒதுக்கித்தள்ளக் கூடாது.

ஆனால் தடை எதைப் பற்றியது என்று பாருங்கள். பையில் கிடந்து நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் சொந்தக் கைபேசி, அதில் வரும் செய்திகள், சமூக ஊடகம், இதுதான் கவனத்தைத் தின்கிறது. 20 நிமிடத்துக்குப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு வேலை செய்து, திரும்பப் பெட்டியில் வைக்கும் பள்ளிக் கருவி வேறு. சொந்தக் கைபேசிக்குக் கறாரான தடையும் பள்ளிக் கருவிக்கு நேரக்கட்டுப்பாடும் ஒரே பள்ளியில் ஒன்றாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அறிவிப்புகளை அணைத்துவையுங்கள். ஒரே ஆப் மட்டும் திரையில் நிற்கும்படி செய்யும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் உண்டு. ஆசிரியர் நடந்துகொண்டே இருக்கட்டும். எல்லாத் திரைகளும் தெரியும்படி மேசைகளைப் போடுவது எந்த மென்பொருளையும்விடப் பலன் தரும்.

கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றும் கேட்பார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி 20 அடி தூரத்தில் எதையாவது பார்ப்பது எளிய பழக்கம். எழுதுவது நோட்டில் கையால்தான் நடக்கட்டும் என்பது என் கருத்து.

பெற்றோரிடம் என்ன சொல்வது?

கருவி வருவதற்கு முன்பே கூப்பிட்டுப் பேசுங்கள். திட்டத்தை விளக்குவதைவிட, அவர்கள் கையில் டேப்லெட்டைக் கொடுத்துப் பிள்ளைகள் செய்யப்போகும் ஒரு வேலையைச் செய்யச் சொல்வது நல்லது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று: உடைந்தால் பணம் கட்ட வேண்டுமா, கண்டதைப் பார்ப்பானா, வீட்டில் இணையம் இல்லையே என்ன செய்வது. மூன்றுக்கும் பதிலை எழுத்தில் கொடுங்கள், அவர்கள் வீட்டில் பேசும் மொழியில், ஒரே பக்கத்தில். தெரியாமல் கைதவறி உடைந்தால் குடும்பம் பணம் கட்ட வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால்தான் ஏழைப் பிள்ளை பயமில்லாமல் கருவியைத் தொடும்.

வீட்டில் இணையம் தேவைப்படும் வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள்.

மாணவர்களின் தகவல் பாதுகாப்பு பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

நிறைய. 2010-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி நிர்வாகம் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளின் கேமரா, தொலைந்தால் கண்டுபிடிக்க என்று வைத்த மென்பொருளால், வீட்டில் இருக்கும் பிள்ளைகளையே படமெடுத்தது வெளியே வந்தது. ஆயிரக்கணக்கான படங்கள். வழக்குப் போட்டார்கள், 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். கெட்ட எண்ணத்தில் தொடங்கியதில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஆப்புக்கும் கேளுங்கள்: பிள்ளையின் பெயர், படம், குரல், இருப்பிடம் இவற்றில் எதை எடுக்கிறது, எங்கே வைக்கிறது, நாங்கள் விலகினால் அழிக்குமா? அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ், ஐரோப்பிய ஒன்றியத்தில் நாட்டைப் பொறுத்து 13 முதல் 16 வயதுக்குக் கீழ், இணையச் சேவைகள் பெற்றோர் சம்மதம் பெற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள். இலவச ஆப் என்றால் இன்னும் கவனமாகப் படியுங்கள். முழுப்பெயருக்குப் பதில் எண் கொடுத்து வேலை நடக்கும் என்றால் எண்ணே போதும்.

எந்த ஆப்களை வாங்குவது?

குறைவாக. ஐந்தாறு ஆப்களை எல்லா ஆசிரியரும் நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது, 60 ஆப்களை ஏற்றிவைப்பதைவிட மேல். பிள்ளைகள் எதையாவது உருவாக்கும் ஆப்களுக்கு, அதாவது பதிவு செய்ய, வரைய, அளக்க, எழுத உதவுபவற்றுக்கு, முதலிடம் கொடுங்கள்; சரியான விடையைத் தொட்டால் நட்சத்திரம் விழும் வகை ஆப்கள் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி சிலவற்றுக்குப் பயன்படும், அதற்குமேல் அவை சீக்கிரம் சலித்துவிடும்.

பார்வை, செவிக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு என்ன செய்யலாம்?

அவர்களை முதலில் வைத்துத் திட்டமிடுங்கள் என்பேன். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபேடில் வாய்ஸ்ஓவர் என்று திரையை வாசித்துக் காட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், வீடியோவுக்கு எழுத்து ஓடவிடலாம். வாங்கப்போகும் ஆப் இவற்றோடு ஒத்துப்போகிறதா என்று வாங்குமுன் சோதியுங்கள், பல ஆப்கள் இதில் தேறுவதில்லை. கரும்பலகையைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு பிள்ளைக்கு அனுமதி கொடுத்தாலே சில நேரம் ஒரு வருடப் படிப்பு காப்பாற்றப்படுகிறது.

பலன் கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு எதையும் சொல்லாது. தொடக்கத்தில் எழுதிய அந்த மூன்று வரிக்கே திரும்பிப் போங்கள். வாசிப்புதான் பிரச்சினை என்றால், தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறது என்று குறித்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து அதையே மறுபடி பாருங்கள். முடிந்தால் கருவி எடுக்காத ஒரு வகுப்பிலும் அதே அளவை எடுங்கள், பிள்ளைகள் எப்படியும் வளர்வார்கள் அல்லவா. பிறகு பிள்ளைகளிடமும் கேளுங்கள்: "எந்தப் பாடத்தில் இது இல்லாவிட்டாலும் பரவாயில்லை?" தயங்காமல் சொல்லுவார்கள்.

செலவைத் திட்டமிடும்போது எதை மறந்துவிடுகிறார்கள்?

கருவி விலையைத் தவிர எல்லாவற்றையும். உறை, சார்ஜ் பெட்டி, மின் இணைப்பு வேலை, அக்சஸ் பாயிண்ட், மென்பொருள் சந்தா, பழுது, ஆசிரியருக்கு விட்டுக்கொடுக்கும் நேரம், எல்லாவற்றையும்விட, நான்கைந்து ஆண்டில் மொத்தமாக மாற்ற வேண்டிவருமே அந்தச் செலவு. நன்கொடையில் வரும் கருவிக்கும் இவை அத்தனையும் உண்டு. பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டுவரை வரும் என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்களிடம் ஏற்கெனவே டேப்லெட்டுகள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. என்ன செய்வது?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு மகிழ்ச்சிதான், ஏனென்றால் பணம் தேவையில்லை. முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசைமேல் பரப்புங்கள், உப்பியவற்றைத் தனியே வையுங்கள், மீதியைச் சார்ஜ் போட்டு எத்தனை எழுகின்றன என்று எண்ணுங்கள். பிறகு முன்பு பயன்படுத்திய ஆசிரியர்களிடம் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள், குறை சொல்லும் தொனி இல்லாமல்.

ஒரு பள்ளியில் 60 கருவிகள் இப்படிக் கிடந்தன, 23 எழுந்தன. நின்றுபோன காரணம் என்னவென்றால், நிர்வாகி பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆசிரியர் வேறு ஊருக்குப் போய்விட்டார், யாராலும் புதிய ஆப் ஏற்ற முடியவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அவரைத் தொலைபேசியில் பிடித்தோம், அவருக்கும் நினைவில்லை, ஆனால் தன் பழைய நோட்டில் தேடி அன்று மாலையே பாஸ்வேர்டை அனுப்பினார். இப்போது அந்தப் பாஸ்வேர்டு மூடிய உறையில் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் இருக்கிறது, இரண்டு ஆசிரியர்களுக்குத் தெரியும், அந்த 23-இல் 20 வாரம் நான்கு நாள் அறிவியல் வகுப்புக்குப் போய்வருகின்றன, மூன்று உபரி.